எங்கள் மணிக்குக் குழம்பு சோறு போடக் கூடாதாம். வீட்டுச் சமையலிலேயே வேறு என்ன கொடுக்கலாம்?

கேட்டவர்: கொருக்குப்பேட்டைக்காரன்

அண்ணன், அக்கா எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் கொருக்குப்பேட்டை. வீட்டில் அம்மா, நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அப்புறம் மணி. மணி நாட்டு நாய். 2020 ஊரடங்கில் தெருமுனைக் கால்வாய் ஓரம் குட்டியாகக் கிடந்தவனை என் பெரிய பெண் பாவாடையில் சுற்றித் தூக்கி வந்தாள். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு போடுவது அம்மாதான். மதியம் நாங்கள் சாப்பிட்டு எழுந்ததும் சட்டியில் ஒட்டியிருக்கும் குழம்பில் சோற்றைப் போட்டுப் பிசைந்து, சூடு ஆறிவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்து, அவன் அலுமினியத் தட்டில் வைப்பார். சாம்பார், காரக்குழம்பு, மீன் குழம்பு, ஞாயிற்றுக்கிழமை பிரியாணி. எங்களுக்கு என்னவோ அதுதான் அவனுக்கும்.

போன மாதம் திடீரென்று மாடிப்படி ஏறமாட்டேன் என்று கீழேயே படுத்துவிட்டான். சிறுநீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் போனது. என் மனைவிதான் அவன் உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். ஈறு வெளுத்துப்போய், வண்ணான் துறையில் அடித்துத் துவைத்த துணி மாதிரி இருந்தது. ஆட்டோவில் போட்டு டாக்டரிடம் ஓடினோம். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 6.8. நாய்க்கு 12-க்கு மேல் இருக்க வேண்டுமாம். உண்ணிக் காய்ச்சல் பரிசோதனை செய்தார்கள், அது இல்லை என்று வந்தது. "என்ன சாப்பாடு போடுகிறீர்கள்?" என்று கேட்டார். சொன்னேன். வெங்காயம், பூண்டு இரண்டையும் அறவே நிறுத்துங்கள், கோழியும் சோறும் வேகவைத்துக் கொடுங்கள் என்றார். வெளியே வரிசை நீண்டிருந்தது, அதற்கு மேல் கேட்க முடியவில்லை.

இப்போது மணி தேறி வருகிறான். ஆனால் வீட்டில் மூன்று சிக்கல். வெறும் கோழியையும் சோற்றையும் வைத்தால் முகர்ந்துவிட்டு அம்மா முகத்தைப் பார்க்கிறான், தொடுவதில்லை. அம்மா "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே, இதையா பிள்ளைக்குப் போடுவது" என்கிறார். அதே சமயம் தன் கையாலேயே விஷம் வைத்துவிட்டேன் என்று ராத்திரியில் அழுகிறார். மூன்றாவது காசு. நான் கன்டெய்னர் யார்டில் வேலை. மாதம் முழுவதும் பாக்கெட் தீனி வாங்க முடியாது, இரண்டு முறை கேஸ் எரிக்கவும் முடியாது.

வீட்டிலேயே சமைத்துப் போடுகிறவர்கள் சொல்லுங்கள். எதை, எவ்வளவு, எப்படி?

பதில்: காசிமேட்டு அக்கா

தம்பி, முதலில் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். இந்தப் பக்கத்தில் எல்லா வீட்டு நாயும் குழம்பு சோறு தின்றுதான் வளர்ந்தது. எங்கள் டைகருக்கு நானும் பல வருஷம் அதைத்தான் போட்டேன். தெரியாமல் பாசத்தில் செய்ததைக் குற்றமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இப்போது இருக்கும் செல்விக்கு ஏழு வருஷமாகத் தனியாகச் சமைக்கிறேன். தனியாக என்றால் தனி அடுப்பு இல்லை, தனிக் கிண்ணம். அவ்வளவுதான்.

நான் பிடித்து வைத்திருக்கிற ஒரே விஷயம்: அவளுடைய பங்கை உப்புக்கு முன், புளிக்கு முன், தாளிப்புக்கு முன் எடுத்துவிடுவேன். நம் சமையல் எல்லாமே முதலில் வெறுமனே வேகிற சாமான்தானே. பருப்பு வேகிறது, காய் வேகிறது, கறி வேகிறது. அப்புறம்தான் வெங்காயம் வதக்கிக் கொட்டுகிறோம். அந்தக் கொட்டும் நிமிஷத்துக்கு முன்னால் ஒரு கரண்டி ஒதுக்கினால் நாய்ச் சாப்பாடு தயார்.

காலையில் குக்கர் வைக்கும்போது கீழே எங்கள் பருப்பு, நடு அடுக்கில் அரிசி, மேல் அடுக்கில் செல்வியின் எவர்சில்வர் கிண்ணம். செல்வியும் பதினாறு கிலோ, உங்கள் மணியும் அந்த எடைதான் இருப்பான் என்று நினைக்கிறேன். மேல் கிண்ணத்தில் தோல் உரித்த எலும்பில்லாத கோழி கால் கிலோ, கைவிரல் அளவு நறுக்கிய பரங்கிக்காய் இரண்டு துண்டு, மூழ்கத் தண்ணீர், இருந்தால் ஒரு சிட்டிகை மஞ்சள். நான்கு விசில். வெந்ததும் எங்கள் சோற்றிலிருந்து அவளுக்கு முந்நூறு கிராம் எடுப்பேன் (அரிசியாக அளந்தால் நூறு கிராம்), தாளிக்காத பருப்பு இரண்டு கரண்டி, வேகவைத்த முட்டை ஒன்று, ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய். எல்லாம் கையால் பிசைந்து காலையில் பாதி, சாயங்காலம் பாதி. பதினாறு கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 850 முதல் 900 கலோரி வேண்டும், இது அதற்குச் சரியாக வரும். விலா எலும்பு தடவினால் தெரிய வேண்டும், பார்த்தால் துருத்தக் கூடாது. அதை வைத்துச் சோற்றைக் கூட்டிக் குறையுங்கள்.

எடை பார்க்க ஒரு வழி சொல்கிறேன். முதலில் நீங்கள் மட்டும் எடை மெஷினில் ஏறுங்கள், அப்புறம் அவனைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள், கழித்துவிடுங்கள். எங்கள் தெருவில் பழைய பேப்பர் கடைக்காரரே செல்வியைத் தராசில் உட்காரவைத்துச் சொல்வார்.

இனி மிக முக்கியமானது, டாக்டர் அவசரத்தில் சொல்லாமல் விட்டது. வெறும் கறியும் சோறும் மாதக் கணக்கில் போட்டால் சுண்ணாம்புச் சத்து போதாது. கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் குறைவு. உடம்பு அதைத் தன் எலும்பிலிருந்தே உருவி எடுத்துக்கொள்ளும். அதற்கு முட்டை ஓடு போதும், காசே கிடையாது. ஓட்டைக் கழுவி, கொதிக்கும் தண்ணீரில் பத்து நிமிஷம் போட்டு, மொட்டை மாடியில் முறத்தில் பரப்பி ஒரு நாள் வெயில் காட்டுங்கள். கையில் எடுத்து நொறுக்கினால் அப்பளம் மாதிரி சத்தம் வர வேண்டும். மிக்ஸியின் சின்ன ஜாரில் அரைத்து டீ வடிகட்டியில் சலியுங்கள். விரலுக்கு நடுவே தேய்த்தால் விபூதி மாதிரி இருக்க வேண்டும், நறநறவென்று இருந்தால் மறுபடி அரையுங்கள். இந்தச் சாப்பாட்டோடு ஒரு நாளைக்கு அரை டீஸ்பூன். ஒரு முட்டை ஓடு இரண்டு நாளுக்கு வரும்.

நாங்கள் துறைமுகம் பக்கம் என்பதால் வாரத்தில் இரண்டு நாள் கோழிக்குப் பதில் மீன். வஞ்சிரம், சங்கரா எல்லாம் வேண்டாம். மத்தி, கவலை, நெத்திலி போதும். தலையையும் குடலையும் கிள்ளிவிட்டு குக்கரில் இருபத்தைந்து நிமிஷம் வேகவிடுவேன். திறந்து ஒரு மீனை எடுத்து நடு முள்ளைக் கட்டைவிரலால் அழுத்துவேன். மெழுகு போல மசிந்தால் முள்ளோடு பிசையலாம், அன்றைக்கு ஓட்டுத் தூள் வேண்டாம். குத்தினால் இன்னும் பத்து நிமிஷம் வையுங்கள். பச்சை மீன் போடாதீர்கள். சில மீன்களில் வைட்டமின் பி1-ஐ அழிக்கிற பொருள் இருக்கிறது, வேகவைத்தால் அது போய்விடும். கருவாடு உப்பு, அது வேண்டவே வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் மீன் விலை ஏறிவிடும், அப்போது முட்டைதான் கை கொடுக்கும்.

மணி சாப்பிடாததற்கு வருவோம். நாய் உப்பைத் தேடவில்லை தம்பி, வாசனையைத் தேடுகிறது. ஆறிப்போன கோழிக்கு வாசனை ஏது? மத்தி வேகவைத்த அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டாதீர்கள். அதை வெதுவெதுப்பாகச் சோற்றின் மேல் ஊற்றி, உங்கள் அம்மா கையாலேயே பிசையச் சொல்லுங்கள். அவர் கை வாசனைதான் இத்தனை வருஷமும் அவனுக்குச் சாப்பாட்டு வாசனை. முதல் இரண்டு நாள் உருண்டை பிடித்து ஊட்டட்டும். செல்வி அப்படித்தான் மாறினாள்.

ஈரல் வாரத்துக்கு ஒரு நாள், இரண்டு மூன்று துண்டு போதும். அதிகமானால் வைட்டமின் ஏ கூடிப்போகும். கோழிக் கடையில் தோலையும் கொழுப்பையும் பையில் போட்டுச் சும்மாவே தருவார்கள், வாங்காதீர்கள். கொழுப்பு அதிகமானால் கணையம் வீங்கும். டைகரை அப்படி ஒரு பொங்கல் சமயத்தில் நான்கு நாள் ட்ரிப்ஸில் வைத்துப் பார்த்தேன். இன்றைக்கும் அந்த நினைப்பு வந்தால் மனசு பதறும்.

பதில்: திருவொற்றியூர் பெரியவர்

எனக்கு வயது 68. எங்கள் வீட்டில் நாய் இல்லாத காலமே கிடையாது. சின்ன வயதில் எங்கள் அப்பா வளர்த்தவை எல்லாம் வெங்காயம் போட்ட குழம்பு தின்றவைதான், சிலது பன்னிரண்டு வருஷம் இருந்தன. அதனால் இதைப் படித்ததும் முதலில் நம்ப மனம் வரவில்லை.

அப்புறம் யோசித்தேன். அவை நாள் முழுக்கக் கடற்கரையில் ஓடின, வலை உதறும்போது விழுகிற மீனைத் தின்றன, வீட்டுச் சோறு ஒரு பிடிதான். பன்னிரண்டு வருஷம் இருந்ததைச் சொல்கிறோம், நான்கு வருஷத்தில் போனதை யாரும் சொல்வதில்லை. எங்கள் வீட்டில் ராணி என்று ஒரு பெண் நாய். ஒரு வாரம் திண்ணையடியில் சுருண்டு படுத்தது, எழவில்லை. வயதாகிவிட்டது என்றார் அப்பா. அதற்கு ஐந்து வயதுகூட ஆகவில்லை. உதட்டைத் தூக்கி ஈறைப் பார்க்க வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. உங்கள் வீட்டம்மா அதைப் பார்த்தது பெரிய விஷயம் தம்பி.

ஒரு சந்தேகம் அந்த அக்காவிடம். இப்போது இருக்கும் நாய்க்கு வெங்காயம் நிறுத்திவிட்டேன். கேழ்வரகுக் கூழ் கொடுக்கலாமா? ஆடி மாதம் அம்மன் கோயிலில் ஊற்றுவார்கள், என்னோடு வந்து அவனும் குடிப்பான்.

பதில்: வியாசர்பாடி, கால்நடை மருந்தகத்தில் வேலை

நான் டாக்டர் இல்லை, பத்து வருஷமாக ஒரு கால்நடை மருந்தகத்தில் மருந்து எடுத்துக் கொடுக்கிறேன். தினமும் பார்ப்பதைச் சொல்கிறேன்.

வெங்காயத்தில் இருக்கும் கந்தகப் பொருள்கள் நாயின் சிவப்பணுக்களை உடைக்கின்றன. ஒரு கிலோ எடைக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் போனாலே ரத்தத்தில் மாற்றம் தெரியும் என்பது கணக்கு. பதினாறு கிலோ நாய்க்குக் கால் கிலோ வெங்காயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வேளையில் அவ்வளவு போகாது என்று தோன்றும். ஆனால் பிரியாணியும் தயிர்ப் பச்சடியும் மறுநாள் சால்னாவும் சேர்ந்தால் வந்துவிடும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலும் பாதிப்பு சேர்ந்துகொண்டே போகும். வதக்கினாலும் பொடி செய்தாலும் அதே கதைதான், சின்ன வெங்காயமும் அப்படித்தான். வெங்காயத்தைப் பொறுக்கி எடுத்துவிட்டுப் போடுகிறேன் என்பார்கள். சாறு குழம்பில் இறங்கிய பிறகு பொறுக்கி என்ன பயன்?

இன்னொன்று நம் பக்கத்தில் அதிகம் பேர் அறியாதது, புளி. திராட்சையும் கிஸ்மிஸும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது பழைய செய்தி. அதற்குக் காரணம் டார்டாரிக் அமிலம் என்று இப்போது கருதுகிறார்கள். புளியில் அது நிறையவே இருக்கிறது. புளி தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் பழுதானதைப் பற்றி 2022-ல் கால்நடை மருத்துவ இதழில் கட்டுரையே வந்தது. எனவே வெங்காயம் போடாத புளிக்குழம்பு பரவாயில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். அக்கா "புளிக்கு முன்" என்று சொன்னது மிகச் சரி. பாயசத்தில் கிஸ்மிஸ் கிடந்தால் அதையும் நக்கக் கொடுக்காதீர்கள்.

வேகவைத்த கோழி எலும்பு ஊசி ஊசியாகப் பிளக்கும். திங்கட்கிழமை காலையில் எங்களிடம் வருகிற கூட்டத்தில் பாதி ஞாயிற்றுக்கிழமை எலும்புதான்.

ஈறு வெளுத்தால் எல்லாரும் வெங்காயம் என்றே முடிவு கட்டவும் கூடாது. சென்னையில் உண்ணிக் காய்ச்சல் மிக அதிகம், அதிலும் இப்படித்தான் வெளுக்கும். ரத்தம் எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். பெரிய பரிசோதனை என்றால் வட சென்னைக்காரர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி பக்கம்தானே. 1903-ல் தொடங்கிய கல்லூரி அது.

அக்கா சொன்ன சாப்பாடு வளர்ந்த, வேறு நோய் இல்லாத நாய்க்கு நல்லது. ஆனால் துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி, ஈ எல்லாம் இதில் முழுதாக வராது. டாக்டரிடம் காட்டி அதற்கு ஏற்ற சத்து மாவு (நாம் குடிக்கும் கஞ்சி மாவு இல்லை, நாய்க்கான வைட்டமின், தாதுப் பொடி) ஒன்று எழுதி வாங்குங்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குட்டிக்கு இதை அப்படியே செய்யாதீர்கள். வளரும் எலும்புக்குக் கால்சியம் குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து.

பதில்: காசிமேட்டு அக்கா

வியாசர்பாடித் தம்பிக்கு நன்றி. சத்து மாவு நானும் சேர்க்கிறேன், எழுத விட்டுப்போனது.

ஐயா, ராணியைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

கேழ்வரகு தாராளமாகக் கொடுக்கலாம். கோயில் கூழில்தான் சின்ன வெங்காயமும் உப்பும் போட்டிருப்பார்கள், அதனால் அது வேண்டாம். வீட்டில் வெறும் மாவைக் கரைத்துக் காய்ச்சி, ஆறியதும் ஒரு கரண்டி தயிர் கலந்து வையுங்கள். பால் பெரிய நாய்கள் பலவற்றுக்கு ஒத்துக்கொள்ளாது, வயிற்றால் போகும். தயிர் பெரும்பாலும் ஒத்துப்போகும்.

நான் அதே மாவில் செல்விக்கு பிஸ்கட்டும் சுடுவேன். ஒரு கப் கேழ்வரகு மாவு, வேகவைத்து மசித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு பாதி, ஒரு முட்டை. உப்பு, வெல்லம் எதுவும் கிடையாது. சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசைந்து, தட்டி, மாத்திரை டப்பா மூடியால் வட்டம் வெட்டி, தோசைக்கல்லில் சிறு தீயில் இரண்டு பக்கமும் காயவிடுங்கள். நடுவில் உடைத்துப் பார்த்தால் ஈரம் தெரியக் கூடாது. டப்பாவில் நான்கு நாள் இருக்கும். என் பேரனும் இரண்டு எடுத்துக்கொண்டு ஓடுவான். ஒரு நாளைக்கு மூன்று போதும். தின்பண்டம் மொத்தச் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

வயிறு சரியில்லாத நாளில் சோற்றைக் குழைய வடித்து, தோலில்லாத கோழியை நூல் நூலாகப் பிய்த்து, மசித்த பரங்கிக்காய் இரண்டு ஸ்பூன். ஒரு நாள், இரண்டு நாள் பார்க்கலாம். ரத்தம் போனாலோ, தண்ணீர்கூட நிற்காமல் வாந்தி எடுத்தாலோ சமையலறையில் நிற்க வேண்டாம், ஆட்டோ பிடியுங்கள்.

கேட்டவர்: கொருக்குப்பேட்டைக்காரன் (18 நாள் கழித்து)

எல்லாருக்கும் பெரிய நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

மணி 16 கிலோ 200 கிராம் இருக்கிறான். நேற்று மறுபடி ரத்தம் பார்த்தோம், ஹீமோகுளோபின் 11.2. டாக்டரிடம் அக்காவின் அளவைக் காட்டினேன். சரி என்றார், சத்து மாவும் எழுதிக் கொடுத்தார்.

மீன் தண்ணீர் வேலை செய்தது. முதல் நாள் அம்மா உருண்டை பிடித்து நீட்டினார். முகர்ந்தான், அம்மா விரலை நக்கினான், அப்புறம் உருண்டையை எடுத்துக்கொண்டான். மூன்றாம் நாள் தட்டிலேயே சாப்பிட்டான், தட்டு சுவர் வரைக்கும் நகர்ந்துபோனது. அம்மா அந்தத் தட்டைக் கழுவிவிட்டு எங்களிடம் எதுவும் பேசாமல் போய் உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கு ராத்திரி அழவில்லை.

இப்போது குக்கரில் மேல் அடுக்குக் கிண்ணம் அவனுடையது. மாறிப்போகாமல் இருக்க அம்மா அதன் காதில் சிவப்புக் கயிறு கட்டி வைத்திருக்கிறார். வெங்காயம் நறுக்குவதற்கு முன்னால் "மணி பங்கு எடுத்தாச்சா?" என்று என் மனைவியை இரண்டு முறை கேட்கிறார். போன ஞாயிறு பிரியாணிக்குக் கறி கழுவியதும், மசாலா தடவும் முன்பே கால் கிலோவை எடுத்து ஒதுக்கிவிட்டார். கேஸ் கூடுதலாக ஆகவில்லை. கோழிச் செலவு கொஞ்சம் கூடியிருக்கிறது, மத்தி நாள்களில் அது சரியாகிவிடுகிறது.

அக்காவிடம் ஒரே கேள்வி. இரண்டு நாளாக இங்கே மழை, மாடியில் காயவைத்த முட்டை ஓடு நமுத்துப்போய் மிக்ஸியில் சுற்றவே இல்லை. என்ன செய்வது?

பதில்: காசிமேட்டு அக்கா

11.2 என்று படித்ததும் செல்வியைக் கூப்பிட்டுச் சொன்னேன் தம்பி. அம்மாவுக்கு என் வணக்கம்.

மழை நாளில் வெயிலுக்குக் காத்திருக்காதீர்கள். கொதிக்கவைத்த ஓட்டைத் துணியில் துடைத்துவிட்டு வெறும் இரும்புச் சட்டியில் சிறு தீயில் பத்து நிமிஷம் வறுங்கள். உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு சுருண்டு தானாக விட்டுப்போகும், அதுதான் நமுத்துப்போவது. ஆறியதும் அரையுங்கள். மொத்தமாக அரைத்து ஈரமில்லாத பாட்டிலில் போட்டு வைத்தால் மழைக்காலம் தாண்டும் வரை கவலை இல்லை. பாட்டிலுக்கும் ஒரு சிவப்புக் கயிறு கட்டிவிடச் சொல்லுங்கள், யாராவது கோலமாவு என்று எடுத்துவிடப் போகிறார்கள்.